பதினாறு கிலோ பிள்ளைக்குப் பதினோரு கிலோ சைக்கிளா?

விதை மஞ்சள் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகட்டும். லீவு விட்டாச்சு. டவுன் பிள்ளைகள் ஊருக்குள் வந்து இறங்கியாச்சு. கூடவே கார் டிக்கியில் மடக்கி மடக்கி வைத்து, கலர் கலரா சைக்கிளும் வந்திருக்கு. எங்க வீதியில் மட்டும் ஆறு எண்ணினேன். அதில் ஓடுவது ஒன்றே ஒன்று. மீதி அஞ்சும் திண்ணையில் சாஞ்சு நிக்குது, பிள்ளைங்க உள்ளே ஃபோனைப் பார்த்துக்கிட்டு இருக்கு. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு சைக்கிள் மேல ஆசையே இல்லீங்க மாமா" என்று பெத்தவங்க சலிச்சுக்கிறாங்க.

ஆசை எல்லாம் இருக்குங்க. வாங்கிக் கொடுத்த சாமான் சரியில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்குங்க.

என் பேத்திக்கு நாலு வயசு முடிஞ்சிருக்கு. மாப்பிள்ளை கோயமுத்தூரில் ஒரு பெரிய கடையில் ரோஸ் கலர் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தார். முன்னாடி கூடை, பின்னாடி கேரியர், ரெண்டு பக்கமும் சைடு வீல், ஹேண்டில்பாரில் தொங்குற குஞ்சம். பார்க்க தேர் மாதிரிதான் இருந்தது. தேரை ஒரு ஆள் இழுக்க முடியுமா? பாப்பா ரெண்டு சுத்து மிதிச்சுட்டு, "காலு வலிக்குது அப்பிச்சி"ன்னு இறங்கிடுச்சு. அவங்க அப்பா "சோம்பேறி" என்றார்.

தோட்டத்தில் தக்காளிப் பெட்டி எடை போடுகிற தராசு இருக்கு. சைக்கிளைத் தூக்கி அதில் வெச்சேன். 11 கிலோ 200 கிராம். அடுத்து பாப்பாவைத் தூக்கி உட்கார வெச்சேன். சரியா 16 கிலோ.

இப்போ நீங்களே கணக்குப் போடுங்க. பிள்ளையோட எடையில் நூற்றுக்கு எழுபது பங்கு அந்த சைக்கிள். மாப்பிள்ளை 65 கிலோ இருப்பார். அதே கணக்கில் அவருக்கு ஒரு சைக்கிள் கொடுத்தால் அது 45 கிலோ இருக்கணும். இன்னைக்கு ஒரு யூரியா மூட்டை எவ்வளவு தெரியுமா? அதே 45 கிலோ. "மாப்ள, யூரியா மூட்டைக்கு ரெண்டு வீல் மாட்டித் தர்றேன், வாய்க்கால் மேடு வரைக்கும் மிதிச்சுட்டு வாங்க, அப்புறம் யார் சோம்பேறின்னு பேசலாம்" என்றேன். சிரிச்சார். நான் சிரிக்கலை.

அந்தக் காலத்துப் பால்காரர் சைக்கிளே இருபது, இருபத்திரண்டு கிலோதான். ரெண்டு பக்கமும் பால் கேன் மாட்டி, நூறு கிலோ பாரம் ஏற்ற அடிச்ச வண்டி அது. பாரம் சுமக்கிற வண்டி கனமா இருக்கிறதில் நியாயம் உண்டு. நாலு வயசுப் பிள்ளை எந்த சொசைட்டிக்குப் பால் கொண்டு போகுது? நம்ம ஆளுங்களுக்குப் பித்தளை அண்டா வாங்கின பழக்கம் போகலை. கடையில் சாமானைத் தூக்கிப் பார்த்து, "நல்லா கெட்டியா, கனமா இருக்கு"ன்னு சந்தோஷப்பட்டு வாங்குகிறோம். சைக்கிளில் கனம் என்றால் பெரும்பாலும் மலிவான இரும்புக் குழாய் என்று அர்த்தம், அவ்வளவுதான். பதினாறு கிலோவைத் தாங்க அத்தனை இரும்பு தேவையே இல்லை.

எங்க ஊர்ப்பக்கம் காளைக் கன்னு பழக்குறதைப் பார்த்திருக்கீங்களா? ரெண்டு பல் போட்ட கன்றை எடுத்ததும் மூட்டை ஏத்தின வண்டியில் யாரும் பூட்ட மாட்டாங்க. பழகின மாட்டுக்கு ஜோடியா கட்டி, சும்மா நுகத்தடியை மட்டும் கழுத்தில் வெச்சு நடக்க விடுவாங்க. அப்புறம் லேசா ஒரு கட்டை. அப்புறம் வெத்து வண்டி. முதல் நாளே பாரத்தைப் போட்டால் கன்னு படுத்துக்கும். ஒருதடவை படுத்துப் பழகின மாட்டை அப்புறம் எழுப்புறது லேசில்லை. அடிச்சாலும் எழுந்திரிக்காது, வாலைக் கடிச்சாலும் எழுந்திரிக்காது. மாட்டுக்குத் தெரிஞ்ச இந்த மரியாதையைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாதா? "எனக்கு சைக்கிள் வராது"ன்னு நாலு வயசில் ஒரு பிள்ளை முடிவு கட்டிட்டா அதுவும் படுத்த மாடுதான்.

உடனே ஒரு ஆள் வருவார். "நாங்கெல்லாம் அப்பாவோட பெரிய சைக்கிள்ல குரங்கு பெடல் அடிச்சுத்தானே கத்துக்கிட்டோம்? நாங்க ஓட்டலையா?" 2024ல் அந்தப் பேரிலேயே ஒரு படம்கூட வந்தது, பார்த்து எல்லோரும் கண் கலங்கினாங்க. நானும் பாருக்குக் கீழே காலை விட்டு அடிச்சவன்தான். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து எடுத்தவன்தான். ஆனா அப்போ எனக்கு வயசு பத்து. நாலு இல்லை. இன்னொண்ணு, கத்துக்கிட்டவங்க மட்டும்தான் இன்னைக்குப் பெருமையா கதை சொல்றாங்க. கத்துக்காதவங்க கதையை யார் கேட்டது? எங்க வகுப்பில் இருந்த பொம்பளைப் பிள்ளைகளில் ஒருத்தரும் ஓட்டினதா எனக்கு ஞாபகம் இல்லை. அவங்க கைக்கு அந்த வண்டி போகவே இல்லை, போனாலும் தூக்கி நிறுத்த முடியாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கம் வந்து, கல்யாணம் ஆகி பிள்ளை பெத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கத்துக்கிட்டாங்களே, அது பெரிய காரியம். ஆனா எட்டு வயசில் கிடைச்சிருக்க வேண்டியது அவங்களுக்கு முப்பது வயசில் கிடைச்சது. கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டதை நினைச்சு சந்தோஷப்படலாம், அதையே பாடத்திட்டமா வைக்கக் கூடாது.

அடுத்து இந்த சைடு வீல். இது மேல எனக்கு உள்ள கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

சைக்கிள் ஓட்டுறதில் மிதிக்கிறது சின்ன வேலை. சாயுற பக்கம் ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்பி விழாமல் நிக்கிறதுதான் பெரிய வேலை. சைடு வீல் போட்டால் அந்தப் பெரிய வேலையைப் பிள்ளை கத்துக்கவே முடியாது, வண்டி சாயவே விடாதே. அதை நம்பி உடம்பை எப்படி வேணா வெச்சுக்கும். ஒருநாள் சைடு வீலைக் கழட்டினதும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் டைல்ஸ் தரையில் எப்படியோ ஓடிடும். எங்க களத்துக்குக் கொண்டு வந்து பாருங்க. தரை ஒரு பள்ளம் இருந்தால் போதும், ரெண்டு சைடு வீலும் மேட்டில் உட்கார்ந்துக்கும், பின் சக்கரம் அந்தரத்தில் சுத்தும். பிள்ளை மிதிக்கும், மிதிக்கும், வண்டி நகராது. இதைப் பார்த்து சிரிக்கிற பெரியவங்களை எனக்குப் பிடிக்காது.

முதன்முதலில் ரெண்டு சக்கர வண்டி செஞ்சவர் ஜெர்மனிக்காரர், கார்ல் டிரைஸ், 1817ல். அதில் பெடலே கிடையாது. உட்கார்ந்துகிட்டுக் காலால் தரையை உந்தி உந்திப் போகணும். பெடல் வந்தது 1860களில். மனுஷ சாதியே முதல்ல பேலன்ஸ், அப்புறம்தான் பெடல் என்று கத்துக்கிட்டிருக்கு. நாம மட்டும் தலைகீழா சொல்லிக் கொடுக்கிறோம்.

பேலன்ஸ் பைக் என்று தனியா விக்கிறாங்க. வசதி இருந்தா ரெண்டரை, மூணு வயசில் வாங்கலாம். இல்லாட்டி அதுக்கு ஒரு காசு செலவு பண்ண வேண்டாம். வாங்கின சைக்கிளிலேயே ரெண்டு பெடலையும் கழட்டிடுங்க. 15 ஸ்பேனர் போதும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் இருக்கும். கடிகார முள் சுத்துற பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் முக்கி முக்கி மரையைத் தின்னு வெச்ச அப்பாக்களை நம்ம ஊர் சைக்கிள் கடைக்காரர் வாரத்துக்கு ஒருத்தரைப் பார்க்கிறார். அப்புறம் சீட்டை இறக்கி, உட்கார்ந்தால் ரெண்டு பாதமும் முழுசா தரையில் படுற மாதிரி வைங்க.

எங்க வீட்டுத் தேருக்கு வர்றேன். நான் ஸ்பேனரை எடுத்தேன். சைடு வீல் ரெண்டும் 1 கிலோ 100. கூடையும் கேரியரும் 800. மட்கார்டு அரை கிலோ. ஸ்டாண்டு 300. எல்லாம் கழட்டினதும் எட்டரை கிலோவுக்கு வந்தது. அலங்காரத்துக்கு மட்டும் ரெண்டே முக்கால் கிலோ, பாருங்க! பாப்பா குஞ்சத்தை மட்டும் கழட்ட விடலை. சரி, அதுக்கு எடை கிடையாது.

ஆனா எட்டரை கிலோவும் பிள்ளை எடையில் பாதிக்கு மேலதான். களத்தில் உந்தி உந்திப் போச்சு, திரும்பும்போது வண்டி சாஞ்சா தாங்க முடியலை. மகள் அவங்க அபார்ட்மென்டில் விசாரிச்சு, ஒரு வீட்டில் பிள்ளை வளர்ந்து சும்மா கிடந்த பழைய அலுமினிய சைக்கிள் ஒண்ணு வாங்கி அனுப்புச்சு. 14 இன்ச் சக்கரம். தராசில் 6 கிலோ 300. பெடல் இல்லாமல் எட்டு நாள் விட்டோம். ஒன்பதாம் நாள் பெடலை மாட்டினோம். யாரும் பிடிக்கலை. களத்து மேட்டில் இருந்து கிணத்து மேடு வரைக்கும் போய், திரும்பத் தெரியாமல் வேலியில் போய் நின்னுது. அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டாலும் இறங்கலை. சோம்பேறின்னு சொன்னவர் பின்னாடியே ஓடி மூச்சு வாங்கினார்.

என் அளவுகோல் இதுதான். பிள்ளை எடையில் நூற்றுக்கு நாற்பதுக்குள் சைக்கிள் இருந்தா நல்லது. பாதியைத் தாண்டினால் இலவசமாக் கொடுத்தாலும் வேண்டாம். பதினாறு கிலோ பிள்ளைக்கு ஆறு, ஆறரை கிலோ. முடியாத காரியம் இல்லை. ஆஸ்திரியாவில் வூம் என்று ஒரு கம்பெனி, 2013ல் ஆரம்பிச்சது, அவங்க 14 இன்ச் சைக்கிளை ஏறக்குறைய அஞ்சு கிலோவில் செய்யறாங்க. விலை நம்ம சக்திக்கு மேலே, அது வேற விஷயம். செய்ய முடியும் என்கிறதுக்குத்தான் சொன்னேன்.

கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் ஒரு காந்தம் எடுத்துக்கிட்டுப் போங்க. "அலாய்"னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, ரிம் மட்டும் அலாயா இருக்கும். ஃபிரேமில், ஃபோர்க்கில், கிராங்கில் காந்தத்தை வெச்சுப் பாருங்க. ஒட்டினால் இரும்பு. ஷாக் அப்சார்பர் வெச்ச மாடலைக் காட்டினால் வேண்டாம்னு சொல்லுங்க. பதினாறு கிலோ பிள்ளை உட்கார்ந்தால் அந்த ஸ்பிரிங் அசையக்கூட அசையாது, கனம் மட்டும்தான் மிச்சம். உழவு டிராக்டர் மாதிரி டயர் வெச்ச சைக்கிள் இப்போ வருதே, அதைப் பற்றிப் பேசவே எனக்கு இஷ்டமில்லை. காத்து அடிக்காத கெட்டி ரப்பர் டயரும் வேண்டாம். "கிராமத்தில் நெருஞ்சி முள் ஆச்சே, பஞ்சர் ஆகுமே" என்பீங்க. ஆகும். ஒரு பேட்ச், கொஞ்சம் சொல்யூஷன், பத்து நிமிஷம். பிள்ளைக்கும் ஒட்டச் சொல்லிக் கொடுங்க.

பிரேக்கைப் பிள்ளையே பிடிச்சுப் பார்க்கட்டும், நீங்க பிடிக்காதீங்க. சின்ன விரல் எட்டாத, அழுத்த முடியாத பிரேக் இருந்தும் இல்லாததும் ஒண்ணுதான். ஹெல்மெட் போடுங்க, அதில் எனக்கு மாத்துக் கருத்து கிடையாது.

"வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கலாம்" என்கிற பேச்சை மட்டும் விட்டுடுங்க. தீபாவளிச் சட்டைக்கு அது சரி. தொளதொளன்னு இருந்தா சட்டை கீழே தள்ளி விடாது. அட்டையில் போட்டிருக்கிற வயசையும் நம்பாதீங்க. பிள்ளையைச் செவுத்தோரம் நிக்க வெச்சு, கவட்டில் இருந்து தரை வரைக்கும் டேப் வெச்சு அளந்து எடுத்துக்கிட்டுப் போங்க. சீட்டை முழுசா இறக்கினால் அந்த அளவுக்குள் வரணும். வரலைன்னா அது இந்த வருஷத்துக்கான சைக்கிள் இல்லை.

கம்பெனிக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. நான் வாங்குற யூரியா மூட்டையில் எடை போட்டிருக்கு. விதைப் பாக்கெட்டில் நூத்துக்கு எத்தனை முளைக்கும்னு போட்டிருக்கு. அஞ்சு ரூபா பிஸ்கட்டில் கிராம் கணக்கு போட்டிருக்கு. ஆயிரக்கணக்கில் வாங்கிக்கிட்டு விக்கிற பிள்ளை சைக்கிள் அட்டையில் கலர் பேர் இருக்கு, கார்ட்டூன் படம் இருக்கு, எடை மட்டும் காணோம். கடைப் பையன்கிட்ட கேட்டால் "யாரும் கேட்டதில்லை சார்" என்கிறான். நீங்க கேளுங்க. நாலு பேர் கேட்டு, நாலு பேர் வாங்காமல் திரும்பினால், அஞ்சாவது ஆளுக்காவது எழுதி வைப்பாங்க.

லேசான சைக்கிள் விலை கூடத்தான் இருக்கும், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது ஒரு பிள்ளையோட முடியாது. பாப்பா ஓட்டுற சைக்கிள் ஏற்கனவே ஒரு கை மாறி வந்ததுதான். அடுத்த வருஷம் என் தம்பி பேரனுக்குப் போகுது. அவன் இப்பவே வந்து வந்து சீட்டைத் தொட்டுப் பார்த்துட்டுப் போறான்.