ஒரே கம்ப்யூட்டருக்குள் பேசிக்கொண்டால் நெட்வொர்க் ஆகிவிடுமா?

ஆவடி, பூந்தமல்லி பக்கத்துக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் 'சாக்கெட் புரோகிராம்' என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். இரண்டு கம்ப்யூட்டர்களில் ஓடும் புரோகிராம்கள் பேசிக்கொள்ள உதவும் வாசல்தான் சாக்கெட். 1983-ல் பெர்க்லி யூனிக்ஸில் வந்த இந்த முறையை ஒட்டியே விண்டோஸிலும் இன்றுவரை எழுதுகிறோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்டங்கள் இரண்டிலும் எக்கோ சர்வரும் சாட்டும் செய்முறைப் பயிற்சியாக இருக்கின்றன.

நல்ல பயிற்சிதான். செய்யும் விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு விண்டோ, ஒன்றில் சர்வர், மற்றொன்றில் கிளையண்ட், முகவரி 127.0.0.1. செய்தி வந்ததும் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து. தனக்குத்தானே தபால் போட்டுக்கொள்வது போலத்தான் இது!

என்ன குறைந்துவிடும் என்கிறீர்களா? லினக்ஸில் இந்த உள்வழியில் ஒரு பாக்கெட் 65,536 பைட் வரை இருக்கலாம். ஈதர்நெட்டில் 1,500 பைட்தான். தலைப்புகள் போக டேட்டாவுக்கு 1,460. ஆகவே உள்ளுக்குள் ஒரே recv-ல் முழுதாக வந்த நீண்ட செய்தி, வெளியே போனால் துண்டு துண்டாக வரும். தமிழில் சாட் எழுதுகிறவர்களுக்கு இன்னும் வேடிக்கை. யூடிஎஃப்-8 முறையில் 'வணக்கம்' 21 பைட். குறியீட்டுக்கு மூன்று பைட். நடுவில் வெட்டுப்பட்டால் திரையில் கேள்விக்குறிதான். முதலில் செய்தியின் நீளத்தை நான்கு பைட்டில் அனுப்புங்கள். பிறகு அத்தனை பைட்டும் வரும்வரை recv-ஐ லூப்பில் போடுங்கள்.

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தால் ரௌட்டர் வழியாக இன்றே செய்து பாருங்கள். சர்வரை 127.0.0.1-ல் bind செய்திருந்தால் அடுத்த அறையிலிருந்தே இணைப்பு கிடைக்காது, 0.0.0.0 என்று மாற்ற வேண்டும். விண்டோஸ் ஃபயர்வாலும் தடுக்கும், அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். (ஃபயர்வாலையே அணைத்துவிடுவது நம்மூர் வழக்கம். வேண்டாமே!)

அடுத்தது அம்பத்தூரிலிருந்து ஆவடி நண்பர் வீட்டுக்கு. ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன். நெட்டில் அவ்வளவு சுலபமில்லை. ஐபிவி4 முகவரிகளின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதனால் பல இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ரௌட்டரின் வேன் முகவரி 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். வெளியிலிருந்து உங்கள் சர்வரை நேராக அழைக்க முடியாது, ரௌட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை. இரு வீட்டிலும் ஐபிவி6 இருந்தால் AF_INET6 போட்டு முயலலாம். அப்போது ரௌட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்த போர்ட்டைத் திறக்க வேண்டும்.

செய்முறைத் தேர்வில் சர்வர் ஒரு மேஜையிலும் கிளையண்ட் வேறு மேஜையிலும் ஓட வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்கலாமே. லேபில் கேபிள்கள் ஏற்கெனவே இருக்கின்றன.