பல்பு எரியவில்லை, மார்க் மட்டும் முழுசு

போன வாரம் பேத்தி வந்திருந்தாள். பத்தாம் வகுப்பு. மின்சாரப் பாடத்தில் முழு மார்க் என்றாள். ஓம் விதியைக் கேட்டேன். மூச்சு விடாமல் ஒப்பித்தாள். சரி என்று ஒரு பேட்டரி கட்டை, ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டு ஒயர் கொடுத்து, "எரிய வை பார்க்கலாம்" என்றேன். கால் மணி நேரமாகியும் எரியவில்லை. கட்டையையும் ஒயரையும் பல்பின் அடிப்பொட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து உலோகச் சுற்றுதான் இன்னொரு முனை என்று அவள் வரைந்த எந்தப் படமும் சொல்லித்தரவில்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல் வாத்தியார். பிளஸ் டூவில் 200க்கு 50 செய்முறைக்கு என்றிருந்த காலம். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதிய ரீடிங் என்று தெரிந்தே ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கேட்டால், "போர்ஷன் முடிக்கணும் சார்", "ஷாக் அடித்தால் யார் பதில் சொல்வது?" என்பார்கள். 1.5 வோல்ட் கட்டை யாருக்கும் ஷாக் அடிக்காது. "ஸ்மார்ட் போர்டில் காட்டிவிடுகிறோமே" என்பது புதுச் சமாதானம். திரையில் பல்பு எப்போதும் எரியும். அதுதான் கோளாறு! ஒயர் லூசாகி, கட்டை தீர்ந்து, எரியாமல் போகும்போதுதான் பிள்ளை "ஏன்?" என்று கேட்கும்.

இரண்டு பல்பைத் தொடராக இணைத்தால் வெளிச்சம் மங்கும். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். பக்க இணைப்பில் மற்றது எரிந்துகொண்டே இருக்கும். வீட்டில் லைட் போனாலும் ஃபேன் ஏன் சுற்றுகிறது என்பது பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும்.

ஜார்ஜ் சைமன் ஓம் யார்? ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பள்ளி ஆய்வுக்கூடத்தில் கம்பியை மாற்றி மாற்றி அளந்து, 1827இல் புத்தகமாகப் போட்டார். ஒரு வாத்தியார் கையால் கண்டுபிடித்ததை நாம் வாயால் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரிய நண்பர்களே, வருஷத்துக்கு இரண்டு பீரியடு ஒதுக்குங்கள். ஆளுக்கொரு கட்டை, பல்பு, ஒயர். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், போதும். ரிட்டயர் ஆனபின் உபதேசமா என்று என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை.

பேத்திக்கு நான் சொல்லித்தரவில்லை. அவளே பல்பைச் சாய்த்துப் பார்த்து, ஒயரைப் பக்கத்தில் தொட்டாள். எரிந்தது. "தாத்தா!" என்று போட்ட சத்தத்தில் பாட்டி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.