டில்லித் தமிழருக்கு ஒரு புத்தகக் கடை வேண்டாமா?

கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் தமிழர்கள் சாமான் வாங்கும் கடைகளுக்கு ஒரு தனி வாசனை உண்டு. காபிப் பொடி, பெருங்காயம், அப்பளக்கட்டு, முருங்கைக்காய், சாம்பிராணி எல்லாம் கலந்த வாசனை அது. அதே கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றில் நாலைந்து வாரப் பத்திரிகைகளும் ஒரு பஞ்சாங்கமும் தொங்கும். டில்லியில் ஒரு தமிழர் கடைக்குப் போய்க் காசு கொடுத்துக் கையோடு வாங்கி வரக்கூடிய தமிழ் அச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். புத்தகம் என்று கேட்டால் கடைக்காரர், "ஊருக்குப் போகும்போது வாங்கிக்குங்க சார்" என்பார். அவர் மேல் குற்றமில்லை. புத்தகம் வைத்தால் இடம் அடைக்கும். இட்லி மாவு மாதிரி அன்றன்றைக்கு விற்றுத் தீராது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் டில்லியில் தமிழைத் தாய்மொழி என்று எழுதிக் கொடுத்தவர்கள் எண்பதாயிரத்துக்கு மேல். தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் ஏழு இருக்கின்றன. 1946இல் தோன்றிய தமிழ்ச் சங்கம் இருக்கிறது, கோயில்கள் இருக்கின்றன, கச்சேரிகளுக்குப் பஞ்சமில்லை. இத்தனையும் உள்ள ஊரில் தமிழ்ப் புத்தகத்துக்கென்று, இதோ என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு நிலையான கடை இல்லை என்பது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய சமாசாரம்தான்.

டில்லிக்குப் புத்தகக் கடை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பாகிஸ்தானிலிருந்து அகதியாக வந்த பல்ராஜ் பஹ்ரி 1953இல் கான் மார்க்கெட்டில் தொடங்கிய கடை இன்று பல கிளைகளோடு நிற்கிறது. ஜோர் பாகில் கே.டி. சிங் 1970இல் 'தி புக் ஷாப்' என்று ஒரு சிறு கடை போட்டார். வருகிறவரின் முகத்தைப் பார்த்தே இவருக்கு இந்தப் புத்தகம் பிடிக்கும் என்று எடுத்து நீட்டுகிறவர் என்பது அவரைப் பற்றிய பேச்சு. 2014இல் அவர் காலமானார். கடை அத்தோடு போகவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் கையில் லோதி காலனி மார்க்கெட்டுக்கு இடம் மாறித் தொடர்கிறது. வசந்த விஹாரில் அஜித் விக்ரம் சிங் 1984இல் ஆரம்பித்த 'ஃபாக்ட் அண்ட் ஃபிக்ஷன்' மட்டும் 2015இல் கதவை மூடிவிட்டது. கம்ப்யூட்டரில் ஆர்டர் செய்தால் கிடைக்கிற தள்ளுபடியோடு ஒரு தனிக் கடை எத்தனை நாள் மல்லுக்கட்ட முடியும்?

இந்தக் கடைகள் எல்லாம் ஆங்கிலம் படித்தவர்களுக்கு. கான் மார்க்கெட் வாசலில் நிற்கும் மோட்டார் கார்களைப் பார்த்தாலே முனிர்க்காவில் ஒற்றை அறையில் குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளி திரும்பி நடந்துவிடுவார். ஆனால் அந்தக் கடைகளிடமிருந்து ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ளலாம். புத்தகக் கடை என்பது வெறும் அலமாரி அல்ல. "இதைப் படித்துப் பாருங்கள்" என்று சொல்ல ஓர் ஆள் அங்கே இருக்கிறார். தமிழ்நாட்டை விட்டு இருபது வருஷமாகிவிட்ட ஒரு குமாஸ்தாவுக்கு இப்போது யார் எழுதுகிறார், எது நல்ல புத்தகம் என்று எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது கல்கியும் சாண்டில்யனும் சுஜாதாவும். அதற்குப் பிறகு வந்த எதையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஏழை எளியவர்களுக்கு டில்லியில் புத்தகக் கடை என்றால் அது தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைதான். நேதாஜி சுபாஷ் மார்க் நடைபாதையில் பல பத்தாண்டுகள் நடந்த அந்தச் சந்தையை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் அப்புறப்படுத்தச் சொன்னது. வியாபாரிகள் விடவில்லை, செப்டம்பரில் ஆசஃப் அலி சாலையில் மகிளா ஹாட் மைதானத்தில் இடம் கிடைத்தது. டில்லி கேட் மெட்ரோவில் இறங்கி நடந்தால் போதும். இன்றைக்கும் அங்கே கிலோக் கணக்கில் புத்தகம் விற்கிறார்கள். பரீட்சை எழுதும் பையன்களுக்கு அதைவிடச் சகாயமான இடம் கிடையாது. தமிழ்ப் புத்தகம் கிடைக்குமா என்றால், அதிர்ஷ்டம் இருக்க வேண்டும். யாரோ ரிடையராகி ஊருக்குப் போகும்போது எடைக்குப் போட்ட மூட்டையிலிருந்து அட்டை கிழிந்த நாவல் ஒன்று இங்கிலீஷ் அகராதிகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். விற்கிறவருக்கு அது எந்த பாஷை என்றே தெரியாது. பத்து ரூபாய்க்குக் கொடுத்துவிடுவார்.

இதைவிட விசித்திரம் என்னவென்றால், நவீனத் தமிழ் இலக்கியத்தில் ஒரு நல்ல பங்கு இந்த டில்லியிலேயே எழுதப்பட்டது. 'கணையாழி' மாத இதழை 1965இல் கஸ்தூரிரங்கன் தொடங்கியது இங்கேதான். வானொலி உத்தியோகத்தில் தி. ஜானகிராமன் இங்கே இருந்தார். க.நா. சுப்ரமண்யம், வெங்கட் சாமிநாதன், இந்திரா பார்த்தசாரதி, ஆதவன், வாஸந்தி ஆகியோரும் டில்லி பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டும் டில்லிக் குளிரில் நடுங்கிக்கொண்டும் வாழ்ந்தவர்களே. அவர்கள் எழுதியதை வாங்க டில்லித் தமிழர் இரண்டு ராத்திரி ரயிலில் போக வேண்டியிருக்கிறது.

ஆகவே, கடை இல்லாத ஊரில் கடைக்காரர் சொல்ல வேண்டியதைப் பத்திரிகைதான் சொல்லவேண்டும். முதலில் ஆதவனின் 'காகித மலர்கள்'. டில்லியில் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பாவின் பெரிய உத்தியோகம், அம்மாவின் விருந்துகள், பிள்ளைகளின் ஒட்டாத வாழ்க்கை. ஆதவன் சில காலம் ரயில்வேயிலும் பிறகு நேஷனல் புக் டிரஸ்டிலும் உத்தியோகம் பார்த்தவர். 1987இல் சிருங்கேரியில் ஆற்றில் மூழ்கி இறந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து. சாகித்திய அகாதமி பரிசு 'முதலில் இரவு வரும்' தொகுதிக்கு அதன் பிறகே வந்தது. அலுவலக மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு முகமும் அந்தப் பக்கம் வேறொரு முகமும் வைத்துக்கொள்கிற மனிதர்களை அவரைப் போல எழுதியவர் குறைவு. செக்ஷனில் உட்கார்ந்திருக்கும் எவரும் தம் பக்கத்து நாற்காலிக்காரரை அதில் அடையாளம் கண்டுகொள்வார்; தம்மையும் கண்டுகொண்டால் நல்லது.

இந்திரா பார்த்தசாரதியின் 'தந்திர பூமி' டில்லி அதிகார வட்டாரத்தில் ஏணி ஏறப் பார்க்கும் தமிழன் ஒருவனின் கதை. நார்த் பிளாக் வராந்தாவில் நடந்தவர்களுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இருக்காது, எரிச்சல் வரலாம். அவருடைய 'குருதிப்புனல்' வேறு மாதிரியானது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழவெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்ட கொடுமையைப் பின்னணியாகக் கொண்டது. அதற்கு 1977இல் அகாதமி பரிசு கிடைத்தது. அந்த நிகழ்ச்சியை அவர் மனோதத்துவமாகத் திருப்பிவிட்டார் என்று சண்டை போட்டவர்கள் உண்டு. சண்டை போடவாவது படித்துத்தானே ஆகவேண்டும்!

வேற்று மாநிலத்தில் பிள்ளை வளர்ப்பவர்கள் அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலைக் கட்டாயம் தேடிப் படிக்கலாம். செகந்திராபாத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளரும் ஒரு தமிழ்ப் பையன். சுற்றிலும் தெலுங்கும் உருதும். நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்கள், ரஜாக்கர் கலவரம், 1948 ராணுவ நடவடிக்கை. அந்நிய ஊரில் இருப்பது என்றால் என்ன என்பதைக் கண்ணீர் விடாமல், பிரசங்கம் செய்யாமல் எழுதிய புத்தகம். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வீட்டு வேலையும் கட்டட வேலையும் பார்க்கிறவர்களுக்கு இமையத்தின் கதைகளில் தங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே காதில் விழும். உழைப்பைப் பற்றி என்றால் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' இருக்கிறது.

பெரியவர்கள் சங்கதி எப்படியோ போகட்டும். குழந்தைகள்?

2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புராவில் பாராபுல்லா நாலா ஓரத்தில் இருந்த மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. நாலாவைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு. ஏறக்குறைய 370 வீடுகள். எல்லாருக்கும் மாற்று வீடு இல்லை. தகுதி உண்டு என்று முடிவானவர்களுக்கு நரேலாவில் ஃபிளாட். அந்தக் குழந்தைகளில் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். நரேலா அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளி கிடையாது. கேம்ப்பில் இருந்தவரை தமிழ் பேசப் பக்கத்து வீடு இருந்தது, எழுதப் பள்ளிக்கூடம் இருந்தது. இரண்டும் ஒரே நாளில் போனால் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு எழுத்து எத்தனை மாதம் நினைவில் நிற்கும்? பெற்ற தாய் பேசுவதைப் புரிந்துகொள்ளும், ஆனால் ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் நாலு வரியைப் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை நரேலாவில் மட்டும் அல்ல, மயூர் விஹார் நல்ல ஃபிளாட்டுகளிலும் தயாராகிக்கொண்டிருக்கிறது. மயூர் விஹாருக்குச் சாக்கு ஒன்றும் கிடையாது.

'போனிலேயே எல்லாம் கிடைக்கிறதே' என்று சிலர் சொல்வார்கள். உண்மை. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மெட்ரோவில் நின்றபடியே படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எட்டு வயதுக் குழந்தையிடம் போனைக் கொடுத்து அது பாரதியாரைத் தேடும் என்று எதிர்பார்க்கும் தகப்பனார் உலகம் அறியாதவர்.

அடுத்த ஆட்சேபணை, டில்லிக்குப் புத்தகம் வரவழைக்கச் செலவு கட்டுப்படியாகாது என்பது. 2024 டிசம்பரில் பதிவுப் புத்தகத் தபாலை இலாகா நிறுத்தியபோது இந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. சிறு பதிப்பாளர்கள் தவித்துப் போனார்கள். 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்று ஒரு புதிய வசதி வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. இருநூறு பக்கப் புத்தகம் கால் கிலோ என்று வைத்துக்கொண்டால் ஐந்து கிலோக் கட்டில் இருபது புத்தகம் வரும். புத்தகத்துக்கு ஐந்து ரூபாய்தான் விழுகிறது. தனி ஆள் ஒரு புத்தகம் வரவழைத்தால் இருபது. ஒரு பிளாக்கில் இருக்கும் பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஐந்து. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. மாதச் சீட்டுப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதை நடத்துவது பெரிய வித்தை அல்ல.

டில்லியிலேயே கையெட்டும் தூரத்தில் இருப்பதையும் பலர் பார்ப்பதில்லை. ஃபெரோஸ்ஷா சாலையில் ரவீந்திர பவனில் சாகித்திய அகாதமி, வசந்த் குஞ்சில் நேஷனல் புக் டிரஸ்ட். இரண்டும் தமிழில் நூல்கள் போடுகின்றன, விலையும் மிதம். டிரஸ்டின் சிறுவர் நூல்களைப் பிறந்த நாளுக்குக் கொடுத்தால் பிளாஸ்டிக் துப்பாக்கியைவிட மலிவு. 'டோட்டோ-சான்' தமிழில் அங்கிருந்துதான் வந்தது. பழைய ரயில் பெட்டிகளையே வகுப்பறையாகக் கொண்ட ஜப்பான் பள்ளிக்கூடம் ஒன்றின் நிஜக் கதை. யுத்தத்தில் குண்டு விழுந்து அந்தப் பள்ளி எரிந்து போகிறது. படித்த பள்ளியை விட்டு வந்த குழந்தைகளுக்கு அது புரியும். 1972இல் ஆரம்பித்த உலகப் புத்தகக் கண்காட்சியும் டில்லியில்தான் நடக்கிறது. ஆனால் அங்கே தமிழ்ப் பதிப்பாளர்கள் விரல் விட்டு எண்ணும் அளவே வருகிறார்கள். 2020இல் போல அது சென்னைக் கண்காட்சியோடு ஜனவரியிலேயே மோதிக்கொண்டால் யார்தான் ஊரை விட்டு வருவார்?

ஆகவே பந்து தமிழ்ச் சங்கத்தின் பக்கத்தில்தான் இருக்கிறது. ராமகிருஷ்ணபுரத்தில் சொந்தக் கட்டடம் உண்டு, நூலகம் உண்டு. நூலகம் வேறு, கடை வேறு. இரவல் வாங்கின புத்தகத்தில் குழந்தை தன் பெயரை எழுத முடியாது. ஞாயிறு தோறும் நாலு மணி நேரம் ஒரு விற்பனை மேஜை போடலாம். விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் தமிழ்நாட்டுப் பதிப்பாளர்களிடம் சரக்கு கேட்கலாம். எல்லாரும் மறுக்க மாட்டார்கள். மாதம் ஒரு ஞாயிறு அதே மேஜையை ஒரு டெம்போவில் ஏற்றி நரேலாவுக்கும் கொண்டு போகலாம். தமிழ்ப் பள்ளிகள் ஏழும் ஆண்டு விழாவன்று சால்வைக்குச் செலவழிப்பதில் பாதியைப் புத்தகத்துக்கு மாற்றினாலே முதல் வருஷ வியாபாரம் நடந்துவிடும்.

மேஜைக்குப் பின்னால் உட்காரப் படித்த ஆள் ஒருவர் வேண்டும், சம்பளம் கேட்காத ஆளாக இருந்தால் உத்தமம். பென்ஷன் வாங்கிக்கொண்டு, காலையில் செக்டார் ஐந்து பார்க்கைச் சுற்றி நடந்துவிட்டு, ஜானகிராமனா ஜெயகாந்தனா என்று பெஞ்சில் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் அங்கே நாலைந்து பேராவது கிடைப்பார்கள். அவர்களை யாரும் இதுவரை கூப்பிட்டுக் கேட்கவில்லை.