எண்ணிப் பார்க்கும் மருத்துவம்



சிங்காநல்லூர் ஆலைத் தொழிலாளி ஒருவர் நம்மிடம் வந்தார். மகள் தொற்றுநோயியல் கற்க விரும்புகிறாளாம். “நோயாளியைத் தொட்டுப் பார்க்காத படிப்பு எதுக்குங்க, சாமி?” என்றார். அவருடைய தாயார் காசநோயுற்று, தனித்தட்டில் உண்டு, திண்ணையிலேயே இறந்தவர். ஆகவே அந்நோயைக் கொண்டே விடை கூறினோம்.

1956இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. காசநோயாளரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினர்க்கு மருத்துவமனையிலும் மறு பகுதியினர்க்கு அவர்தம் நெருக்கடியான வீடுகளிலும் ஒரே மருந்தை ஓராண்டு அளித்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. குணமடைந்தோர் அளவில் பெரிய வேறுபாடில்லை. வீட்டில் மருந்துண்டதால் குடும்பத்தார்க்கு நோய் கூடுதலாகப் பற்றவுமில்லை. உலகெங்கும் காசநோயாளர் இல்லத்திலிருந்தே நலம்பெற இவ்வாய்வு வழி திறந்தது.

ஒருவரைத் தொட்டுக் குணமாக்குவது மருத்துவம். பலரை எண்ணிப் பார்த்து உண்மை காண்பது தொற்றுநோயியல். சென்னை அயப்பாக்கத்தில், 1999இல் நிறுவப்பெற்ற தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தில் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு உண்டு.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின், “அப்ப அந்தத் தட்டு வேண்டியதே இல்லீங்களா, சாமி?” என்றார்.

“வேண்டியதில்லை. காசநோய் காற்றால் பரவுவதேயன்றித் தட்டால் அன்று” என்றோம்.

“அவ படிக்கட்டுங்க” என்று கண்களைத் துடைத்தவாறு எழுந்தார்.