அஸ்டெக் பேரரசுக்காக யார் அழ வேண்டும்?

சில நூறு ஸ்பானிய வீரர்கள், பதினாறு குதிரைகள், கொஞ்சம் பீரங்கிகள். இவற்றை வைத்துக்கொண்டு கோர்டெஸ் ஒரு பேரரசையே வீழ்த்திவிட்டான் என்பது நமக்குச் சொல்லித்தரப்பட்ட கதை. இதற்கு எதிர்க்கதை ஒன்றும் உண்டு. பொன்னான பூர்வகுடி நாகரிகம் ஒன்று இருந்தது, வெள்ளையன் வந்து அழித்தான், ஒரு பெண்ணின் துரோகம் அவனுக்குத் துணைபோனது என்று அது சொல்கிறது.

தோழர்களே, இரண்டுமே மேலிருந்து எழுதப்பட்ட கதைகள். முதலாவது வென்றவனைப் புகழ்கிறது, இரண்டாவது தோற்ற அரசனுக்காக அழுகிறது. விதைத்தவர், நெய்தவர், சுமந்தவர் இரண்டிலும் இல்லை.

அஸ்டெக் என்று நாம் அழைக்கும் மக்கள் தங்களை மெஷிகா என்று சொல்லிக்கொண்டார்கள். வடக்கிலிருந்து அலைந்து வந்து, எங்கும் இடம் கிடைக்காமல், டெஸ்கோகோ ஏரியின் சதுப்புத் தீவொன்றில் 1325 வாக்கில் டெனோச்டிட்லான் நகரை அமைத்தார்கள். நூறு ஆண்டுகள் அஸ்கபொட்சால்கோ அரசுக்குக் கப்பம் கட்டினார்கள், அதன் போர்களில் அடியாட்களாக நின்றார்கள். 1428இல் டெஸ்கோகோ, ட்லாகோபான் நகரங்களோடு சேர்ந்து அந்த எஜமானை வீழ்த்தினார்கள். அங்கிருந்துதான் பேரரசு தொடங்குகிறது.

ஒடுக்கப்பட்டவர்கள் ஆட்சிக்கு வந்ததும் என்ன நடந்தது? அவர்களின் அரசன் இட்ஸ்கோவாட்ல் பழைய வரலாற்று ஓவிய நூல்களை எரிக்கச் சொன்னான். எல்லா மக்களும் அவற்றை அறிந்திருப்பது நல்லதல்ல என்பதே அதற்குச் சொன்ன காரணம். இதைப் பதிவு செய்தது எதிரிகள் அல்ல, பாதிரியார் சஹாகுனிடம் பேசிய நாவா முதியவர்களே. எவனுக்கு எது தெரியலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் எந்த மண்ணில் முளைத்தாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

டெனோச்டிட்லான் அற்புதமான நகரம்தான், மறுக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் வாழ்ந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஏரிச் சேற்றை அள்ளி அடுக்கி உருவாக்கிய சினாம்பா வயல்களில் ஆண்டுக்குப் பல போகம் விளைந்தது. ஆனால் சேற்றை அள்ளியது யார்? பிறப்பால் பிரபுக்களான பிபில்டின்களா? மாசேவால்டின் என்ற சாமானியர்கள்தான். பிரபுக்களின் பிள்ளைகளுக்குக் கல்மேகாக் என்ற ஒரு பள்ளி, சாமானியர்களின் பிள்ளைகளுக்கு டெல்போச்கால்லி என்ற வேறொரு பள்ளி. பருத்தி உடுத்தவும் சாமானியருக்குத் தடை இருந்தது, கற்றாழை நார்த் துணிதான் அவர்களுக்கு என்று 16ஆம் நூற்றாண்டு வரலாற்றுப் பதிவு சொல்கிறது. வென்ற ஊர்களின் பெண்கள் நெய்த பருத்தித் துணி மூட்டை மூட்டையாகத் தலைநகருக்குப் போனது. டோச்டெபெக் என்ற ஒரு பகுதி மட்டும் கட்டிய கப்பத்தில் 16,000 ரப்பர் பந்துகள் இருந்ததை மெண்டோசா ஓவியச் சுவடி காட்டுகிறது. பாரம் இழுக்க மாடோ குதிரையோ இல்லாத நாடு அது. இவை அனைத்தும் ட்லாமேமே என்ற சுமைகாரர்களின் முதுகில் வந்து சேர்ந்தன.

நரபலி என்பது ஸ்பானியர் கட்டிய பொய் என்று சிலர் இன்றும் வாதாடுகிறார்கள். எண்ணிக்கையை அவர்கள் ஊதிப் பெருக்கியது உண்மை. ஆனால் 2015இல் மெக்சிகோ நகரின் நடுவே தோண்டியெடுத்த மண்டையோட்டு மேடையில் பெண்கள், குழந்தைகளின் மண்டையோடுகளும் இருந்தன. பலியிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் போர்க்கைதிகள், விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள். எந்தப் பூர்வகுடிப் பெருமையும் அவர்களை மறைக்கக் கூடாது.

இதைச் சாதி என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அங்கே அடிமையின் பிள்ளை சுதந்திரமாகவே பிறந்தது. போரில் கைதிகளைப் பிடித்த சாமானியன் மேலே ஏறவும் முடிந்தது. அது கொடிய படிநிலைச் சமூகம்தான், ஆனால் பிறந்த கணத்திலேயே தீட்டு ஒட்டிக்கொள்ளும் அமைப்பு அல்ல. வேறுபாட்டைச் சொல்லாமல் ஒப்பிடுவது நமக்கே கேடு.

இனி வீழ்ச்சி. ட்லாஸ்கலா என்ற நாடு பேரரசால் சூழப்பட்டு, உப்புகூடக் கிடைக்காமல் பல பத்தாண்டுகள் முற்றுகையில் கிடந்தது. 1519இல் அவர்கள் முதலில் ஸ்பானியரோடு போரிட்டார்கள், பிறகுதான் கூட்டுச் சேர்ந்தார்கள். அவர்களோடு மற்ற நகரங்களும் சேர, பல்லாயிரக்கணக்கான உள்நாட்டு வீரர்கள் டெனோச்டிட்லானைச் சூழ்ந்தார்கள். 1520இல் பரவிய பெரியம்மை புதிய அரசன் குயிட்லாவாக்கையும் கொண்டுபோனது. பட்டினியும் நோயும் தின்ற நகரம் 1521 ஆகஸ்ட் 13 அன்று விழுந்தது. கப்பம் கட்டிய ஊர்கள் பேரரசைக் கைவிட்ட பிறகே அது விழுந்தது.

இங்கேதான் மலின்ட்சின் வருகிறாள். நாவாட்ல் பேசும் குடும்பத்தில் பிறந்து, அடிமையாக மாயா மக்களிடம் கைமாறி, 1519இல் இருபது பெண்களில் ஒருத்தியாக ஸ்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டவள். பொருளைக் கொடுப்பதுபோல் கொடுத்தார்கள். அவளுடைய மொழித்திறன் இல்லாமல் நாவாட்ல் பேசுவோரோடு கோர்டெஸ் பேசுவது மிகக் கடினமாக இருந்திருக்கும். இன்றும் மெக்சிகோவில் அந்நிய மோகத்துக்கு அவள் பெயரால் 'மலின்சிஸ்மோ' என்று சொல்கிறார்கள். பேரரசு விழுந்த பழி ஓர் அடிமைப் பெண்ணின் தலையில்!

நான் கேட்கிறேன், அவள் யாருக்குத் துரோகம் செய்தாள்? அவளை விற்றவர்களுக்கா? மெக்சிகோ என்ற தேசமே அன்று கிடையாது. விற்கப்பட்டவளிடம் விசுவாசம் கேட்பது எஜமானின் ஒழுக்கம். விற்றவனின் பெயரைக் கேட்காமல் அவளைத் துரோகி என்பவன் வரலாறு பேசவில்லை, எஜமானுக்காக வழக்காடுகிறான்.

ஆனால் ஸ்பானியன் வந்தது விடுதலை என்று யாரும் சொல்ல வேண்டாம். கிராமங்களை உழைப்போடு சேர்த்துப் படைவீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது எங்கோமியெண்டா முறை. கொள்ளைநோயும் கட்டாய உழைப்பும் சேர்ந்து ஒரு நூற்றாண்டுக்குள் மத்திய மெக்சிகோவின் மக்களில் பத்தில் ஒன்பது பேர் வரை அழிந்தார்கள் என்கின்றன பல மதிப்பீடுகள். கூட்டாளியான ட்லாஸ்கலாவுக்கு விருதும் சலுகைகளும் கிடைத்தன. 1591இல் அங்கிருந்து ஏறக்குறைய 400 குடும்பங்கள் ஸ்பானியரின் வடக்கு எல்லையில் குடியமர்த்தப்பட்டன. எஜமானை மாற்றலாம், எஜமான்தனத்தை மாற்றாவிட்டால் கிடைப்பது விருதுப் பட்டயம்தான்.

காலனி ஆட்சி மக்களை ரத்தக் கலப்பின்படி பிரித்து வைத்த பெயர் 'காஸ்டா'. போர்ச்சுகீசியர் நம் மண்ணின் சாதியைக் கண்டபோது சொன்னதும் அதே சொல். ஆங்கிலத்தின் 'காஸ்ட்' அதிலிருந்து வந்தது. அமைப்புகள் வேறு, ஆனால் பிறப்பைப் பார்த்து மனிதனுக்கு விலை வைக்கும் கண் ஒன்றுதான். 1813இல் விடுதலைப் போராளி மொரேலோஸ், அடிமைமுறையோடு இந்தக் காஸ்டா வேறுபாடும் ஒழிய வேண்டும் என்று எழுதிவைத்தார். 1829இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரான குடியரசுத் தலைவர் குவெரேரோ அடிமைமுறையை ஒழித்தார்.

பிறகு வந்த அரசுகள் ஒரு தந்திரம் கற்றன. செத்த அஸ்டெக்குகளை வணங்கு, உயிரோடிருக்கும் நாவாக்களின் நிலத்தைப் பிடுங்கு. டெனோச்டிட்லான் கதையின் கழுகு தேசியக் கொடியில் அமர்ந்தது. 1856ஆம் ஆண்டின் லெர்டோ சட்டமோ கிராமப் பொதுநிலங்களை உடைத்தது. நிலத்தைத் திருப்பிக் கேட்டு எழுந்த எமிலியானோ சபாட்டா 1919இல் வஞ்சகமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 2019ஐச் சபாட்டாவின் ஆண்டாக மெக்சிகோ அரசு அறிவித்தது. படையெடுப்புக் கொடுமைகளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஸ்பெயின் மன்னருக்குக் கடிதமும் எழுதியது. நியாயமான கோரிக்கை. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரி 20 அன்று, சபாட்டாவின் சொந்த மாநிலமான மொரேலோஸில், அனல்மின் திட்டத்தை எதிர்த்த நாவா செயற்பாட்டாளர் சமீர் புளோரஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாள்களிலேயே அந்தத் திட்டத்துக்கான மக்கள் வாக்கெடுப்பை அரசு நடத்தி முடித்தது. 500 ஆண்டுகளுக்கு முந்தைய பிணங்களுக்கு மன்னிப்புக் கேள், நேற்றைய பிணத்தைத் தாண்டி நட!

அப்படியானால் அஸ்டெக்கின் மரபு எது? நம் சமையலறையின் மிளகாயும் தக்காளியும் அந்த உழவர்கள் தேர்ந்து வளர்த்த பயிர்கள். 'சப்போட்டா' என்ற சொல்லே நாவாட்ல் மொழியிலிருந்து வந்ததுதான். 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் அந்த மொழியைப் பேசுகிறார்கள். அரண்மனை போய்விட்டது, கோயில் இடிந்துவிட்டது. மிஞ்சியவை உழைத்தவர்கள் காத்தவை.

எனவே எவனாவது பொற்காலம் என்று பேசத் தொடங்கினால், அது எந்த நாட்டின் பொற்காலமாக இருந்தாலும், ஒரே கேள்வியைக் கேளுங்கள். மூட்டையைச் சுமந்தது யார்? பதில் சொல்ல மறுப்பவனின் வரலாற்றை நாம் ஏற்க வேண்டிய அவசியமில்லை.