எண்ணெய் இருக்கிறதா?

இன்று திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், லுத்தரன், மெத்தடிஸ்ட் சபைகள் இந்தப் பெயரில் அனுசரிக்கின்றன. பேரங்காடிகளில் மரம் நட்டாகிவிட்டது. பனியையே பார்க்காத ஊரில் பஞ்சுப் பனியும் கொட்டியாகிவிட்டது. ஆனால் இன்று காலை அந்த ஆலயங்களுக்குப் போகிறவர்கள் மாட்டுத்தொழுவத்தையும் குழந்தையையும் பற்றிக் கேட்கப்போவதில்லை. முதல் ஞாயிற்றின் வாசகம் இயேசுவின் இரண்டாம் வருகையைப் பற்றியது. இந்த ஆண்டு மத்தேயு நற்செய்தி, 24ஆம் அதிகாரம்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த உலகத்தின் முடிவு எப்போது என்று சீடர்கள் கேட்கிறார்கள். அந்த நாளும் நேரமும் வானத்துத் தூதருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, தந்தைக்கு மட்டுமே தெரியும் என்கிறார் இயேசு. பிறகு நோவாவின் காலத்தை நினைவுபடுத்துகிறார். வெள்ளம் வருவதற்கு முன் அந்த மக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சாப்பிட்டார்கள், குடித்தார்கள், பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள்.

சிறு வயதிலிருந்து இந்தப் பகுதியைக் கேட்டு வளர்ந்தவள் நான். இந்தப் பட்டியலில் கொலை இல்லை, களவு இல்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. நோவா காலத்துப் பாவங்களை ஆதியாகமம் தனியாகச் சொல்கிறது. இங்கே இயேசு எடுத்துக் காட்டுவது பாவத்தை அல்ல, சாதாரண வாழ்க்கையை. இன்று மதியம் மண்டபத்தில் கல்யாணச் சாப்பாடு, இரவு ஒரு பிறந்தநாள் என்று கிளம்பப்போகும் நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைதான் அது. அந்த மக்களிடம் அவர் சொல்லும் குறை ஒன்றே ஒன்று: அவர்கள் எதையும் உணரவில்லை.

எல்லாம் நன்றாக இருக்கும்போதுதான் இது கடினம். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது எங்கள் நிலையத்துக்கு வந்த செய்திகள் நினைவிருக்கின்றன. 'இதுதான் கடைசிக் காலமா?' என்று எல்லா மதத்தவரும் கேட்டார்கள். பல வருடம் பேசாத அண்ணனோடு பேசிவிட்டதாக ஒருவர் எழுதினார். இப்போது அதே எண்ணுக்கு வருவது போக்குவரத்து நெரிசலும் பாட்டு விருப்பமும்தான். அதில் தப்பில்லை, என் சம்பளமே அதில்தான் ஓடுகிறது. ஆனால் அந்த அண்ணனோடு அவர் இப்போதும் பேசுகிறாரா?

பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதிய முதல் கடிதம் ஏறக்குறைய கி.பி. 50ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அமைதியும் பாதுகாப்பும் இருக்கிறது என்று மக்கள் சொல்லிக்கொண்டிருக்கும் வேளையிலேயே அழிவு வரும் என்று அதில் எழுதுகிறார். தெசலோனிக்கே ரோமானிய மாநிலமான மக்கெதோனியாவின் தலைநகர், பெருஞ்சாலையும் துறைமுகமும் கொண்ட வியாபார ஊர். அமைதியும் பாதுகாப்பும் ரோமானியப் பேரரசு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெருமைகள், நாணயங்களில்கூடப் பொறித்துக்கொண்டவை. வரி கட்டி, வியாபாரம் செய்து நிம்மதியாக இருந்த ஊருக்குத்தான் அவர் 'தூங்காதீர்கள்' என்று எழுதினார்.

எப்போது என்று தெரியாமல் தயாராக இருப்பது மனிதனுக்குப் பிடிப்பதில்லை. தேதி வேண்டும். கடந்த செப்டம்பரில் அப்படி ஒரு தேதி கிடைத்தது. தென்னாப்பிரிக்கர் ஒருவர் யூடியூப் பேட்டியில் 23, 24ஆம் தேதிகளைச் சொல்ல, டிக்டாக்கில் உலகம் முழுக்கப் பரவியது. அந்த வாரம் எங்கள் புலன எண்ணுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன்.

"தங்கச்சி, 23ஆம் தேதி கர்த்தர் வர்றார்னு வீட்டுக்காரர் சொல்றார். பையனுக்கு டியூஷன் காசு கட்ட வேணாங்கறார். இந்த வருசம் எஸ்பிஎம் எழுதுற பையன். நான் என்ன செய்யறது?"

"அக்கா, 25ஆம் தேதி காலையில பையனுக்குப் பசியாற ஏதாவது செய்வீங்கதானே?" என்று கேட்டேன். சிரித்தார். நாசி லெமாக் விற்ற காசில் அவரே கட்டிவிட்டார்.

எனக்கு இது சிரிப்போடு முடிகிற கதை இல்லை. காரணம், தேதி குறித்தவர்களில் மிகப் பிரபலமானவர் ஒருவர் என் தொழில்காரர். அமெரிக்காவின் ஹெரால்ட் கேம்பிங். கட்டுமானத் தொழில் நடத்திய பொறியாளர், பிறகு கலிபோர்னியாவில் ஃபேமிலி ரேடியோவின் தலைவர். நேயர்கள் தொலைபேசியில் கேட்பார்கள், மடியில் வேதாகமத்தோடு அவர் பதில் சொல்வார். கனமான குரல், அவசரமே இல்லாத பேச்சு. எங்கள் படிப்பில் 'நேயரின் நம்பிக்கையைப் பெறும் குரல்' என்று சொல்லிக் கொடுத்ததெல்லாம் அவரிடம் இருந்தது. 2011 மே 21, சனிக்கிழமை, ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த ஊர் நேரப்படி மாலை 6 மணிக்குப் பூகம்பம் தொடங்கும் என்றார். ஆயிரக்கணக்கான விளம்பரப் பலகைகள் எழுந்தன. நியூயார்க்கில் ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர் ஒருவர் தன் சேமிப்பிலிருந்து 140,000 டாலர் எடுத்து விளம்பரத்துக்குச் செலவழித்தார். நமக்கு அருகிலேயே, வியட்நாமின் தியன் பியன் மாநிலத்தில் ஆயிரக்கணக்கான ஹ்மாங் மக்கள் மலைப்பகுதியில் கூடினார்கள். இந்த ஒலிபரப்பும் அதற்கு ஒரு காரணம் என்று செய்திகள் வந்தன. அரசு பாதுகாப்புப் படைகளை அனுப்பிக் கூட்டத்தைக் கலைத்தது.

மலேசியாவிலும் மணி ஆறு ஆனது. ஏழும் ஆனது.

கேம்பிங் தேதியை அக்டோபர் 21க்கு மாற்றினார். அதுவும் கடந்தது. 2012 மார்ச்சில், தான் செய்தது தவறு, பாவம் என்று நேயர்களுக்கு வெளிப்படையாக எழுதினார். நாளும் நேரமும் யாருக்கும் தெரியாது என்று அந்த மத்தேயு வசனத்தைச் சுட்டிக்காட்டியவர்களே சரி என்றும் ஒப்புக்கொண்டார். வானொலியில் இருப்பவர்களுக்கு அப்படி எழுத எளிதில் கை வராது, அதற்காக அவரை மதிக்கிறேன். 2013 டிசம்பரில், 92 வயதில் இறந்தார். செலவான சேமிப்பு யாருக்கும் திரும்பி வரவில்லை.

தேதி குறிப்பது அளவுக்கு மீறிய பக்தி என்றுதான் பலரும் நினைக்கிறோம். எனக்கு அது சோம்பலாகத் தெரிகிறது. தேதி தெரிந்தால் அதற்கு முந்தைய வாரம் மட்டும் நல்லவராக இருந்தால் போதும். பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தைத் திறக்கிற கணக்கு. தெசலோனிக்கேயருக்கான இரண்டாம் கடிதத்திலேயே இந்தச் சிக்கல் வருகிறது. ஆண்டவரின் நாள் வந்துவிட்டது என்று ஒரு பக்கம் வதந்தி, இன்னொரு பக்கம் வேலையை விட்டுவிட்டு ஊர் வம்பு பேசித் திரியும் சிலர். உழைக்க மனமில்லாதவன் சாப்பிடவும் வேண்டாம் என்று கறாராகச் சொல்கிறது கடிதம். நம் பாட்டிமார் சொல்வதுபோலவே இருக்கிறது.

அப்படியானால் விழித்திருப்பது என்றால் என்ன? மத்தேயுவின் அடுத்த அதிகாரத்தில் பத்துக் கன்னியர் கதை வருகிறது. மாப்பிள்ளை வரத் தாமதமாகிறது. பத்துப் பேருமே தூங்கிவிடுகிறார்கள். புத்தியுள்ள ஐந்து பேரும்கூடத்தான்! நிறையப் பிரசங்கங்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. தூங்கியதற்காக அந்தக் கதையில் யாரும் தண்டிக்கப்படவில்லை. ஐந்து பேரிடம் விளக்குக்கு மேலதிக எண்ணெய் இருந்தது, ஐந்து பேரிடம் இல்லை, அவ்வளவுதான். அந்த எண்ணெயை நடுராத்திரியில் கடன் வாங்கவும் முடியவில்லை.

அந்த எண்ணெய் ஜெபமா, விசுவாசமா, நற்செயலா என்று அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். என் பதில், இன்று வாசிக்கப்படும் பகுதியை அடுத்து வரும் சில வரிகளில் இருக்கிறது. வீட்டு எஜமான் வெளியூர் போகும்போது ஒரு வேலைக்காரனிடம் பொறுப்பைக் கொடுக்கிறார். வேலை இதுதான்: வீட்டில் உள்ளவர்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். எஜமான் திரும்பும்போது அதைச் செய்துகொண்டிருப்பவனே பாக்கியவான். மோசமான வேலைக்காரனோ, எஜமான் வர நாளாகும் என்று மனத்தில் நினைத்து, உடன் வேலை செய்பவர்களை அடிக்கத் தொடங்குகிறான். அமைதிக் காலத்தின் ஆபத்து அந்த 'நாளாகும்' என்ற நினைப்பில் இருக்கிறது. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக இன்னும் நாள் இருக்கிறது. கடனைத் திருப்பிக் கொடுக்க, மன்னிப்புக் கேட்க, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் மரியாதையாகப் பேச எல்லாவற்றுக்கும் நாள் இருக்கிறது.

1780 மே 19ஆம் தேதி அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் பட்டப்பகலில் வானம் இருண்டது. கோழிகள் அடைந்தன, மதியத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். காட்டுத் தீயின் புகைதான் முக்கியக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. புகைமூட்டம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக் குறியீடு 700ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்களே! ஆனால் அன்று குறியீடும் இல்லை, வானொலியும் இல்லை. நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று மக்கள் நடுங்கினார்கள். கனெக்டிகட் மாநில மன்றத்திலும் கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. ஏப்ரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் மறுத்தார். இன்று அந்த நாள் இல்லையென்றால் கலைய அவசியமில்லை, அந்த நாள்தான் என்றால் என் கடமையைச் செய்துகொண்டிருக்கும்போதே அது என்னைக் காணட்டும், மெழுகுவர்த்திகளைக் கொண்டுவாருங்கள் என்பது அவர் பேச்சின் சாரம்.

செப்டம்பர் 25க்குப் பிறகு அக்காவின் கணவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். சபைக்கும் போவதில்லை, வேதாகமத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "காசு போனா சம்பாதிக்கலாம் தங்கச்சி, இவர் இப்படி வெறுத்துப் போனதுதான் தாங்க முடியல" என்றார் அக்கா. இன்றைய வாசகம் மத்தேயு 24 என்று நேற்று அவருக்கு எழுதினேன். கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று பதில் வந்தது. பையனுக்கு இன்னும் பரீட்சை முடியவில்லை.