ஒரே கம்ப்யூட்டர், எல்லா வகுப்புக்கும் பாடம்!



நம் ஊர் கேபிள்காரர் ஒரே இடத்தில் டிஷ் வைத்து, கம்பி இழுத்து, தெரு முழுக்க டிவி தெரிய வைக்கிறார். வீட்டுக்கு வீடு தனி டிஷ் தேவையில்லை. இதையே நம் பள்ளிக்குள் ஏன் செய்யக்கூடாது?

இப்போ என்ன நடக்குது? வகுப்பு டிவியில் பாடப் படம் போட்டால் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள மணி அடிச்சிடுது! நேற்று 'அ' பிரிவில் போட்ட படத்தையே இன்று 'ஆ' பிரிவுக்காக மறுபடியும் நெட்டில் இறக்குகிறோம். கையில் வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையலாமா?

வழி எளிது. படங்களை ஒருமுறை இறக்கி ஒரு கம்ப்யூட்டரில் சேமிக்கணும். அங்கிருந்து 'ஸ்விட்ச்' என்ற சிறு பெட்டி வழியாக வகுப்புகளுக்கு நெட்வொர்க் கேபிள் இழுக்கணும். தெளிவான ஹெச்டி படத்துக்கு விநாடிக்குச் சுமார் 5 மெகாபிட் போதும். பத்து டிவிக்கு 50. சாதாரண கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1000 மெகாபிட் தாங்கும். இன்டர்நெட் நின்னாலும் பாடம் நிற்காது!

"வைஃபை போதுமே" என்பார்கள் சிலர். கெட்டிச் சுவர் குறுக்கே வந்தால் அதன் வேகம் குறையும். மிச்ச வேகத்தையும் எல்லா டிவியும் பங்கு போடணும்.

மாணவர்களால் இது முடியுமா? பிரான்சில் எகோல் சென்ட்ரால் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் 1996-ல் இதைத்தான் ஆரம்பிச்சாங்க. சாட்டிலைட் டிவியைக் கல்லூரி நெட்வொர்க் வழியா மாணவர்களின் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பினாங்க. அந்த முயற்சியில் பிறந்ததுதான் நாம் படம் பார்க்கும் விஎல்சி! 2001-ல் அதை எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. இன்றும் இலவசம்.

"ஃபோனில் அனுப்பினால் வீட்டிலேயே பார்க்கலாமே?" நம்மில் பலரோட அம்மா ஷூ கம்பெனிக்கும் அப்பா டேனரிக்கும் போறாங்க. வீட்டில் இருக்கும் ஒரே ஃபோனும் அவங்களோடு போயிடும். 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, ஃபோன் இல்லாத வீடுகளுக்கும் கேபிள் வழியாகக் கல்வித் தொலைக்காட்சி போனது. அந்த மாணவர்களுக்கு இப்போது வகுப்பில் பார்த்தால்தான் உண்டு.

டிவி ஆசிரியர் ஆகிவிடாது. படத்தை நிறுத்தி விளக்க ஆசிரியர் வேண்டும். ஆனால் அதற்குப் படம் முதலில் ஓட வேண்டுமே!

முதலில் பத்தாம் வகுப்புப் பிரிவுகளுக்கு மட்டும் கம்பி இழுத்துப் பார்க்கலாம். தலைமை ஆசிரியர் அனுமதி தந்தால் உதவ நாங்கள் தயார்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி